துளித்துளியாய்ச் சேரும் ஆபத்து: தாமிரபரணிக்கு ஒரே கணக்கு வேண்டும்!

(தாமிரபரணிப் பாசன விவசாயிகளின் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று நிற்கிறோம். அரசாங்க ஃபைலில் அந்தச் சொல்லுக்குப் பேரு 'குமுலேட்டிவ்'. தமிழில் 'ஒட்டுமொத்தத் தாக்கம்' என்று எழுதுகிறார்கள். நம்ம பேச்சில் சொன்னால் 'சேந்து சேந்து வாரது'. இது என்ன பெரிய சொல்லா, இதுக்கு ஒரு கூட்டமா என்று நினைக்க வேண்டாம். இந்த ஒரு சொல் நமக்குப் புரியாமல் இருக்கிற வரைக்கும்தான் இந்த ஆற்றைத் துண்டு துண்டாக நம்ம கண் முன்னாலேயே கொண்டு போக முடியும்.

மீட்டர் பெட்டியும் வட்டிக் கணக்கும்

வீட்டு மீட்டர் பெட்டியைப் பாருங்கள். ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங் எடுக்க ஆள் வருகிறார். அந்த எண் ஒருநாளும் பின்னால் போகாது. ஒரு பல்பு எரிந்தாலும், மிக்ஸி ஓடினாலும், டி.வி. ஓடினாலும் எல்லாம் அந்த ஒரே எண்ணில் போய்ச் சேரும். எந்த பல்புக்கு எவ்வளவு என்று மீட்டர் கேட்காது. மொத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும். இதுதான் 'குமுலேட்டிவ்'.

வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசம் நூத்துக்குப் பத்து வட்டியில் 10,000 ரூபாய் வாங்கினவர், முதல் மாசம் 1,000 ரூபாய்தானே என்று நினைப்பார். கட்ட முடியாமல் போய், வட்டிக்கு வட்டி ஏறினால் வருஷக் கடைசியில் 31,384 ரூபாய் நிற்கும். ஒவ்வொரு மாசமும் தனியாகப் பார்த்தால் தாங்கக்கூடிய தொகை மாதிரித்தான் இருக்கும். மொத்தமாகப் பார்க்கும்போதுதான் வயக்காடு கைவிட்டுப் போகும் கணக்கு தெரியும். 'வட்டி குட்டி போடும்' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

வரப்புக்கும் இதே கணக்குத்தான். ஒரு எலி வளையால் குளத்துக் கரை உடையாது. இருபது வளை இருந்து, கரை மண்ணும் ஊறிப்போய், மேல்மட்டம் வரை தண்ணியும் நின்றால், அப்புறம் பெய்கிற சின்ன மழைக்கே கரை போய்விடும். கடைசி மழையைத் திட்டி என்ன பிரயோசனம்? முதல் வளையிலிருந்து கணக்கு எடுத்திருக்க வேண்டும்.

திருவள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொல்லியிருக்கிறார். மயிலிறகை விட லேசான பொருள் உண்டா? அதையும் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். எந்த இறகு முறித்தது என்று கேட்டால் யார் பதில் சொல்வது? ஒவ்வொரு இறகும் 'நான் லேசுதானே' என்றுதான் சொல்லும்.

இன்றைக்குத் தாமிரபரணியில் ஏற்றப்படுகிற ஒவ்வொரு பாரமும் அதைத்தான் சொல்கிறது.

ஐந்து ஹெக்டேர் தந்திரம்

மணலில் இருந்து தொடங்குவோம். 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கை என்ன சொன்னது? 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கு முன் அனுமதி தேவையில்லை என்று வைத்தார்கள். சின்னக் குவாரி, சின்னப் பாதிப்பு என்பது நினைப்பு. உடனே பல மாநிலங்களில் பெரிய பரப்பை எல்லாம் 5 ஹெக்டேருக்கு உட்பட்ட துண்டுகளாக வெட்டி ஏலம் விட்டார்கள். காகிதத்தில் எல்லாம் சின்னக் குவாரி. ஆற்றில் இறங்கிப் பார்த்தால் ஒரே நீளப் பள்ளம்!

தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு என்ற வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்சநீதிமன்றம் இந்தத் தந்திரத்தை உடைத்தது. சின்னக் குவாரிகள் சேர்ந்து உண்டாக்குகிற பாதிப்பையும் பார்க்க வேண்டும், 5 ஹெக்டேருக்குக் குறைந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2016 ஜனவரியில் அறிவிக்கையும் திருத்தப்பட்டது. ஒரே கனிமம் உள்ள பகுதியில் 500 மீட்டருக்குள் இருக்கிற குவாரிகளை ஒரே தொகுப்பாக எண்ண வேண்டும் என்று விதி வந்தது. ஆக, 'சேத்துக் கூட்டிப் பாருங்க' என்று நாம் கேட்பது ஏதோ நாட்டுப்புறத்து வாதம் இல்லை. நாட்டின் உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்ட நியாயம்.

அதற்கும் முன்னாலேயே நம்ம ஆற்றுக்கு ஒரு தீர்ப்பு உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு வழக்குப் போட்டு, தாமே நேரில் நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது. ஒரு லோடு மணலால் ஆறு சாகாது. ஆனால் லோடு லோடாகப் போன மணலுக்கு ஈடாக மேலிருந்து மணல் வந்து சேர வேண்டுமே? மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள் கட்டியாயிற்று. வருகிற மணல் அங்கேயே தங்கிவிடும். வரவு குறைந்த கணக்கில் செலவு மட்டும் நடந்தால் முடிவு என்ன என்பது மளிகைக் கடைச் சிட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

எல்லாரும் கேட்பது ஒரே உபரியை

இப்போது தண்ணீருக்கு வருவோம். இந்த ஆறு பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேருகிற வரைக்கும் 125 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடுகிறது. வற்றாத ஜீவநதி என்று பேர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு. கார், பிசானம் என்று ரெண்டு பூ விளைகிற சுமார் 86,000 ஏக்கர் பாசனம். இதுதான் நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன சொத்து.

கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பானக் கம்பெனிக்கு நாளொன்றுக்கு 9 லட்சம் லிட்டர் தாமிரபரணித் தண்ணீர் என்று ஒப்பந்தம் போட்டபோது 2005இல் போராட்டம் நடந்தது. அப்போது எதிர்த்தரப்பு சொன்ன பதில் ஞாபகம் இருக்கும். 'இது ஆற்றில் ஒரு துளி' என்றார்கள். அந்தக் கணக்கை நாமும் ஒளிக்காமல் போட்டுப் பார்ப்போம். ஒரு கன அடி வீதம் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் ஓடினால் சுமார் 24 லட்சத்து 46 ஆயிரம் லிட்டர். அப்படியானால் 9 லட்சம் லிட்டர் என்பது அரைக் கன அடிகூட இல்லை. தனியாகப் பார்த்தால் அது சின்ன அளவுதான். நாம் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அது தனியாக இல்லையே அண்ணாச்சி! 1970களில் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து கொண்டு போன 20 எம்.ஜி.டி. திட்டம் இருக்கிறது. நாளொன்றுக்கு 2 கோடி காலன் என்று போட்ட திட்டம். லிட்டரில் 9 கோடிக்கு மேலே. கன அடியில் சுமார் 37. குளிர்பானக் கம்பெனிக்குச் சொன்னதைப் போல நூறு மடங்கு! அப்புறம் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்குப் போகிற கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள். குடிதண்ணீருக்கு நாம் விரோதி இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டோம் என்று இந்தச் சீமையில் யாரும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டோம். நாம் கேட்பது மொத்தக் கணக்கை.

கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொடுப்பது பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச்சில் மனு தள்ளுபடி ஆனது. கொடுப்பது உபரித் தண்ணீர்தான் என்பது அரசுத் தரப்பு வாதம். சரி, உபரி என்றே வைத்துக்கொள்வோம். தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பு வேலை 2009இல் தொடங்கியது எதை நம்பி? கடலுக்குப் போகிற உபரியை நம்பி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் வறண்டு கிடக்கிற நம்ம சம்சாரிகளுக்குத் தண்ணீர் போகட்டும், சந்தோஷம். ஆனால் அந்த உபரிதான் இந்த உபரியா? ஒரு மூட்டை நெல்லைக் காட்டி நாலு வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கினால் அதற்கு என்ன பேர்?

அதுமட்டும் இல்லை. மழைக்காலத்து உபரி வேறே, பங்குனி சித்திரை வேறே. கம்பெனிக் குழாய்க்கு பங்குனி, சித்திரை தெரியாது. வருஷம் 365 நாளும் அதே அளவு கேட்கும். வெள்ளக் காலத்தில் 37 கன அடி கண்ணுக்கே தெரியாது. ஆறு ஒடுங்கி ஓடுகிற காலத்தில் அதே 37 கன அடி கடைமடைக்காரனின் நாற்றங்கால்.

கூட்டல் இல்லை, பெருக்கல்

இதுவரைக்கும் சொன்னது கூட்டல் கணக்கு. இனிமேல் சொல்வது இதைவிட மோசம். ஒரு கேடு இன்னொரு கேட்டோடு சேரும்போது ஒன்றும் ஒன்றும் ரெண்டாக நிற்பதில்லை.

சாக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை மாநகரத்துக் கழிவுநீர் ஆற்றில் விழுவதை 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு ஓடையில் தினமும் ஒரே அளவு சாக்கடை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடினால் அது கரைந்து போகும். மேலே தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆற்றைப் பாதியாக்கினால் அதே சாக்கடை ரெண்டு பங்கு அடர்த்தி ஆகும். சாக்கடைக்காரர் ஒரு சொட்டுகூட அதிகம் விடவில்லை. தண்ணி எடுத்தவரும் ஒரு சொட்டு அழுக்கு போடவில்லை. ஆனால் கீழே இருக்கிற ஊர் குடிக்கிற தண்ணீர் கெட்டுப் போச்சு! ரெண்டு பேரும் 'நான் இல்லை' என்று சொன்னால் ரெண்டும் நிஜம். அந்த ரெண்டு நிஜத்துக்கு நடுவிலேதான் நாம் சாகிறோம்.

இதிலே மணலையும் சேருங்கள். மணல்தான் ஆற்றின் வடிகட்டி. மணல்தான் ஆற்றின் தண்ணீர்த் தொட்டி. ஆற்றுக்குள் இருக்கிற குடிநீர் உறைகிணறுகள் எல்லாம் மணலை நம்பித்தான் இருக்கின்றன. மணல் போனால் சாக்கடை வடிபடாமல் இறங்கும். படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் தாழும். கால்வாய்த் தலைமதகு உயரத்தில் நிற்க, தண்ணீர் கீழே ஓடும்.

கடைசியில் கடல். ஆற்றில் நல்ல தண்ணீர் வேகமாக வந்து தள்ளுகிற வரைக்கும் உப்புத்தண்ணி வெளியில் நிற்கும். தள்ளுகிற தண்ணீர் குறைந்து, படுகையும் பள்ளமானால் உப்பு உள்ளே ஏறும். முக்காணி, ஆத்தூர்ப் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் கொடிக்கால் உப்புத் தாங்காதே! சர்டிபிகேட்டை வேருக்கு ஊற்ற முடியுமா?

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் துணியைப் போடுகிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆள் ஒரு வேட்டியை விட்டுவிட்டுப் போகிறார். அவர் கண்ணுக்கு ஒரு வேட்டி. படித்துறைக்கு மூட்டை மூட்டையாகத் துணி. பெரிய கம்பெனி என்றில்லை, சின்னக் கையும் சேர்ந்தால் பெரிய பாரம்தான்.

2023 டிசம்பர் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை. இப்படி மழை பெய்தால் எந்தக் கரை தாங்கும் என்று கேட்டார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை யார் சொல்வது?

நம்ம குளங்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சங்கிலி போட்டவை. மேல் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து கீழ்க் குளத்துக்கு வரும். வருஷத்துக்கு ஒரு விரற்கடை மண் படிந்தால் யாருக்கும் தெரியாது. நாற்பது வருஷம் ஆனால் குளத்தின் கொள்ளளவே குறைந்து போகும். மறுகால் ஓடையில் ஒரு வீடு வந்தால் பாதகமில்லை என்பார்கள். அப்புறம் ஒரு தெரு வரும். சீமைக் கருவேலம் தானாக வந்து சேரும். இத்தனையும் சேர்ந்து காத்திருந்த இடத்தில் அந்த மழை பெய்தது. மேலே ஒரு கரை உடைந்தால் அந்தத் தண்ணீரும் மழைத் தண்ணீரோடு சேர்ந்து கீழ்க் கரையில் மோதும். அன்றைக்கு ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கடைசியில் இருக்கிற கோரம்பள்ளம் குளமும் உடைந்தது. மழை ஒரு ராத்திரியில் வந்தது. ஆபத்து பல வருஷமாகச் சேர்ந்தது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மண் மேடிட்டதைத் தூர்வார வேண்டும் என்று எத்தனை வருஷம் கேட்டோம்? 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய் உத்தரவு வாங்கின பிறகுதான் வேலை தொடங்கியது. தொடங்கினவுடனே, தூர்வாருகிறார்களா, மணல் அள்ளுகிறார்களா என்று மறுபடியும் சண்டை. அளந்து கணக்கு வைத்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

உடம்பிலும் சேரும்

ஆறும் குளமும் மட்டும் இல்லை, நம் உடம்பும் ஒரு மீட்டர் பெட்டிதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே 1970களின் பிற்பகுதியில் இருந்து 2000 வரைக்கும் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். ஒருநாள் தெளித்ததும் யாரும் விழுந்துவிடவில்லை. வருஷக்கணக்கில் காற்றிலும் கிணற்றிலும் சேர்ந்தது. பிறகு பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்ததாகத் தாய்மார்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுக்கத் தடை போட்டது.

நம்ம ஊரில் மருந்தடிக்கப் போகிற கூலித் தொழிலாளி ஒரு வயலில் மட்டுமா அடிக்கிறார்? காலையில் ஒரு சம்சாரி, மத்தியானம் ஒரு சம்சாரி. ஒவ்வொரு சம்சாரிக்கும் அது ஒரு டேங்க். அவர் உடம்புக்கு அது மொத்தம். மருந்து டப்பாவில் எழுதியிருக்கிற அளவு ஒரு ஏக்கருக்குத்தானே ஒழிய ஒரு மனுஷனுக்கு இல்லை. அதனால்தான் அவர்களின் ரத்தப் பரிசோதனையும் நம்ம கோரிக்கையில் இருக்கிறது.

யார் கூட்டிப் பார்ப்பது?

ஆற்றுத் தண்ணீருக்கு நீர்வளத்துறை. குடிநீருக்குக் குடிநீர் வாரியம். கம்பெனிக்குச் சிப்காட். சாக்கடைக்கு மாநகராட்சி. மணலுக்குக் கனிமவளத்துறை. மாசுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆறு ஒன்று, ஃபைல் ஆறு! மாவட்டமும் ஒன்று இல்லை. கடனாநதியும் சிற்றாறும் தென்காசி மாவட்டத்தில் இருந்து வருகின்றன. ஸ்ரீவைகுண்டம் தூத்துக்குடி மாவட்டம். ஒவ்வொரு ஆபீசும் தன் ஃபைலில் உள்ளது மட்டும் சின்ன அளவுதான் என்று கையெழுத்துப் போடுகிறது. அந்தக் கையெழுத்து பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆறு ஃபைலையும் ஒரே மேஜையில் வைத்துக் கூட்டிப் பார்க்க ஒருத்தர்கூட இல்லை என்றுதான் சொல்கிறோம்.

'எதுக்கெடுத்தாலும் எதிர்க்கிறார்கள், வளர்ச்சிக்கு விரோதி' என்று நம்மைச் சொல்லுதாங்க. கடன் கேட்டுப் போனால் பேங்கில் முதலில் என்ன கேட்கிறார்கள்? ஏற்கெனவே எத்தனை கடன் இருக்கிறது என்றுதானே? பழைய பாக்கியைக் கூட்டிப் பார்க்காமல் எந்த மேனேஜராவது புதுக் கடன் கொடுப்பாரா? ஒரு விவசாயியின் ரெண்டு ஏக்கருக்கு உள்ள ஜாக்கிரதை, 86,000 ஏக்கருக்கு உயிர் கொடுக்கிற ஆற்றுக்கு வேண்டாமா?

எங்கள் கோரிக்கைகள்

1. தாமிரபரணியில் இருந்து யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை ஒரே பேரேட்டில் தமிழில் எழுதி, மாதந்தோறும் எட்டு அணைக்கட்டிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும்.

2. கோடைக்காலத்தில் ஓடுகிற குறைந்தபட்சத் தண்ணீரையும், ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளின் மொத்தத்தையும் வெளியிடாமல் புதிதாக எந்தத் தொழிற்சாலைக்கும் தண்ணீர் அனுமதி கூடாது.

3. ஆற்றில் கழிவுநீர் விழுகிற ஒவ்வொரு ஓடைக்கும் எண் கொடுத்து, எந்தத் தேதிக்குள் அடைக்கப்படும் என்று அறிவிக்க வேண்டும்.

4. தூர்வாரும் வேலையில் முன்னும் பின்னும் ஆழம் அளந்து, எடுத்த மண், மணல் எவ்வளவு என்பதை விவசாயிகள் முன்னிலையில் பதிய வேண்டும்.

5. பாசனக் குளங்கள் அனைத்தின் கொள்ளளவையும் புதிதாக அளந்து, மறுகால் ஓடைகளை மீட்க வேண்டும்.

6. மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷத்துக்கு ரெண்டு முறை இலவச ரத்தப் பரிசோதனை வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் கணக்கு எழுதுகிற வரைக்கும் நாம் சும்மா இருக்க வேண்டாம். ஊருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். படிக்கிற பிள்ளை ஒருத்தர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி மூன்றே விஷயம் எழுதினால் போதும். ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? மடையில் தண்ணீர் எத்தனை நாள் வந்தது? ஆற்றிலோ கால்வாயிலோ புதிதாக என்ன குழாய், என்ன ஓடை, என்ன பள்ளம் வந்திருக்கிறது? ஒரு மாத நோட்டுக்கு ஒரு மதிப்பும் இருக்காது. அஞ்சு வருஷ நோட்டைக் கோர்ட்டில் வைத்தால் எந்த வக்கீலும் தள்ள முடியாது. கேடு சேர்ந்து சேர்ந்து பலமாவது போல, சாட்சியமும் சேர்ந்து சேர்ந்துதான் பலமாகும். சங்கமும் அப்படித்தான். தனி விவசாயி மயிலிறகு. 86,000 ஏக்கரும் சேர்ந்து நின்றால் எந்த ஆட்சியும் அந்தப் பாரத்தை உணர்ந்துதான் ஆக வேண்டும்.

துண்டு துண்டாகக் கேட்பவர்களிடம் மொத்தக் கணக்கைக் கேட்போம்!

கணக்குக் காட்டாமல் ஒரு சொட்டும் தரமாட்டோம்!

கன்னடியன் முதல் கடைமடை வரை ஒன்றுபடுவோம்! தாமிரபரணியைக் காப்போம்!